கதையில் அவர்களுக்கு என்ன வேலை? அண்மைய தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு நாவல்கள் பற்றி

நள்ளிரவு வாசகி

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆணை ஆண் காதலிக்கும் கதைகளும், இருபாலரிடமும் ஈர்ப்புக் கொண்டவர்களின் கதைகளும் எல்லா வகை நாவல்களுக்குள்ளும் வந்துவிட்டன. துப்பறியும் கதை, பேய்க்கதை, போர், விண்வெளி, மாயாஜாலம் என்று எந்தப் பக்கம் போனாலும் கிடைக்கின்றன. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு நாவலில் ஒரே வேலைதான். மறைக்க வேண்டும், மாட்டிக்கொள்ள வேண்டும், அழ வேண்டும். பல கதைகளில் கடைசியில் சாகவும் வேண்டும். இப்போது அதே ஆள் கொலைகாரனைத் தேடுகிறார், இரண்டு நாடுகளுக்கு நடுவே உடன்படிக்கையைக் காப்பாற்றுகிறார். அதற்கு நடுவில் காதலிக்கவும் செய்கிறார்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை, கதைவகையும் காதலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் புத்தகங்கள். லெவ் ஏ.சி. ரோசனின் 'லாவெண்டர் ஹவுஸ்' (2022) அப்படிப்பட்டது. 1952, சான் ஃபிரான்சிஸ்கோ. ஆண்டி மில்ஸ் என்ற போலீஸ் அதிகாரி, தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடத்தில் நடந்த சோதனையில் பிடிபட்டு வேலையை இழக்கிறார். வாழவே பிடிக்காமல் உட்கார்ந்திருக்கும் அவரிடம் பெர்ல் என்ற முதிய பெண் வருகிறார். சோப்பு நிறுவனத்தை நடத்திவந்த தன் துணைவி ஐரீனின் சாவில் சந்தேகம் இருக்கிறது, வந்து விசாரியுங்கள் என்கிறார். அந்த மாளிகையில் வாழும் காதல் இணைகள் எல்லாரும் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணுமாக இருப்பவர்கள். வெளியுலகத்துக்காக ஒரு திருமணம் மட்டும் பதிவாகியிருக்கிறது.

பழைய துப்பறியும் கதைகளில் தனித்த மாளிகை, பத்துப் பேர், வெளியிலிருந்து உதவி வராது என்று ஒரு ஏற்பாடு இருக்கும். புயல் அடிக்கும், பாலம் உடையும், ஏதாவது ஒரு சாக்கு. இங்கே சாக்கே தேவையில்லை. போலீசைக் கூப்பிட்டால் கொலைகாரன் பிடிபடலாம், ஆனால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் வாழ்க்கையும் போய்விடும். அந்த வீட்டின் கதவு உள்ளேயிருந்து பூட்டியிருப்பதற்குக் காதல்தான் காரணம். இந்த இணைகளுக்குப் பதிலாக ஆண்–பெண் தம்பதிகளை வைத்தால் நாவலே நடக்காது.

இதே மாதிரி, கதைவகையோடு பிரிக்க முடியாமல் பின்னிப்போன புத்தகங்கள் வேறு என்னென்ன படித்திருக்கிறீர்கள்?

தடயம்

துப்பறியும் கதை என்றதும் ஓடி வந்துவிட்டேன்.

'லாவெண்டர் ஹவுஸ்' பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இந்தப் பக்கம் ரொம்பப் புதிது என்று நினைக்க வேண்டாம். ஜோசப் ஹேன்சன் 1970இலேயே 'ஃபேடவுட்' எழுதிவிட்டார். டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் ஆயுள்காப்பீட்டு நிறுவனத்தில் இறப்புக் கோரிக்கைகளை விசாரிப்பவர். தன்பாலீர்ப்பாளர், அதை ஒளிப்பதும் இல்லை. 1991 வரை மொத்தம் 12 நாவல்கள் வந்தன. முதல் புத்தகத்தில் அவர் வரும்போதே, நெடுநாள் உடனிருந்த துணைவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் இருக்கிறார். அந்தத் துக்கத்தோடு இன்னொருவர் வீட்டுச் சாவை விசாரிக்கப் போகிறார். துணையை இழந்தவனுக்குத்தான் தெரியும், செத்தவரின் அறையில் எந்தப் பொருளைப் பார்க்க வேண்டும் என்று. அவருடைய திறமையும் அவருடைய காதலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நீங்கள் கேட்டது இதைத்தானே?

மஞ்சள் குடை

எனக்குச் சந்தோஷமாக முடியும் கதைதான் வேண்டும். அழுகிற கதையெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ', 'ஹார்ட்ஸ்டாப்பர்', 'தி ஹவுஸ் இன் தி செருலியன் ஸீ'. இந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இதற்கெல்லாம் இங்கே இடம் உண்டா?

கறார் வாசகன்

இடம் உண்டு. ஆனால் என் மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' (2019) நாவலில் ஒருவன் அமெரிக்க அதிபரின் மகன், இன்னொருவன் இங்கிலாந்து இளவரசன். அதிபராக இருப்பது அம்மா. இவர்களுக்கு வரும் சிக்கல் எல்லாம் செல்வாக்கால் தீரக்கூடியவை. வேலை போகுமா, வாடகைக்கு என்ன செய்வது, அறையில் கூட இருப்பவன் அடிப்பானா என்ற பயம் எதுவும் இல்லை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மூடி வைத்த பிறகு மனதில் எதுவும் நிற்பதில்லை.

எனக்கு நிற்பது பிராண்டன் டெய்லரின் 'ரியல் லைஃப்' (2020). புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த நாவல். வாலஸ் என்ற கறுப்பின மாணவன் உயிர்வேதியியல் ஆய்வு செய்கிறான், நூற்புழுக்களை வளர்த்து. ஒரே ஒரு வார இறுதியில் நடக்கும் கதை. தொடக்கத்திலேயே அவன் பாடுபட்டு வளர்த்த புழுத்தட்டுகளில் பூஞ்சை படர்ந்து கிடக்கிறது. அப்பா செத்துச் சில வாரங்கள் ஆகியும் நண்பர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் தன்பாலீர்ப்பாளன் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதும் இல்லை. அவனைக் கொல்வது அந்த நண்பர் வட்டத்தில் சாப்பாட்டு மேசையில் விழும் ஒரு வார்த்தை, அதைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் காக்கும் மௌனம். மில்லர் என்ற நண்பன், தான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாலஸிடம் வருகிறான். அந்த நெருக்கம் இதமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எது எப்போது எதுவாக மாறும் என்று சொல்ல முடியாது.

டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் 'யங் மங்கோ' (2022) இன்னொன்று. கிளாஸ்கோவில் புராட்டஸ்டன்ட் பையன் மங்கோ, கத்தோலிக்கப் பையன் ஜேம்ஸ். ஜேம்ஸ் புறா வளர்ப்பவன், அந்தப் புறாக்கூண்டில்தான் இருவரும் பழகுகிறார்கள். அது ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் மங்கோவை அவன் அம்மாவே முன்பின் தெரியாத இரண்டு ஆண்களோடு மீன்பிடிக்க அனுப்பிவைக்கிறாள். அந்தப் பயணத்தில் நடக்கும் வன்முறை கடுமையானது. சிறுவர் மீதான வன்முறையைப் படிக்க முடியாதவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

காகித மழை

கறார், சந்தோஷமான முடிவு என்றால் லேசானது என்று நீங்கள் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஈ.எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913–14இல் எழுதினார். 1970இல் அவர் சாகும்வரை அச்சிடவில்லை, மறு ஆண்டுதான் வெளிவந்தது. பின்னர் 1960இல் அதற்கு எழுதிய குறிப்பில், சந்தோஷமான முடிவு கட்டாயம் என்றும், இல்லாவிட்டால் இதை எழுதியே இருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார். முடிவு சோகமாக இருந்திருந்தால் வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று முடிக்க, புத்தகத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் பூட்டி வைத்த மனிதர் அவர். சந்தோஷத்துக்கு அவ்வளவு விலை இருந்தது.

'செருலியன் ஸீ' (2020) பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி.ஜே. க்ளூன் எழுதியது. லைனஸ் பேக்கர் நாற்பது வயது அரசு ஊழியர். மாயசக்தி உள்ள குழந்தைகளின் இல்லங்களை ஆய்வு செய்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது வேலை. விதிப்புத்தகத்தைப் பையிலேயே வைத்திருப்பார். ஒரு தீவில் ஆறு குழந்தைகளை வளர்க்கும் ஆர்தர் பார்னசஸின் இல்லத்துக்கு அனுப்பப்படுகிறார். காதல் வளர்வதை அவர் அனுப்பும் அறிக்கைகளிலேயே பார்க்கலாம். முதல் அறிக்கை அப்பட்டமான அலுவலக மொழி. அடுத்தடுத்தவற்றில் நடு நடுவே சொந்த அபிப்பிராயம் தலைகாட்டும். அப்புறம் மேலிடத்தையே கேள்வி கேட்கும் தைரியம் வரும். தன்னைச் சுற்றி விதிகளை அடுக்கிக்கொண்டு வாழ்ந்தவர் வரி வரியாக இளகுவதை ஒரு அரசாங்கக் கோப்பு காட்டுகிறது. 'ஐ லவ் யூ' என்று முப்பது பக்கம் எழுதுவதைவிட இது கடினமான எழுத்து. மஞ்சள் குடை, நீங்கள் இந்தப் புத்தகத்தை மறுபடி எடுக்கும்போது அறிக்கைகளை மட்டும் தனியாக வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

மஞ்சள் குடை

இன்றைக்கே பார்க்கிறேன் அக்கா! அறிக்கைகளை நான் வேகமாகத் தாண்டிப் போகிற வழக்கம்.

கறார் வாசகன்

'மாரிஸ்' விஷயத்தில் மறுப்பு இல்லை. 1914இல் சந்தோஷமான முடிவு என்பது ஒரு எதிர்ப்பு. இன்று அதுவே சந்தையின் எதிர்பார்ப்பு. காதல் நாவல் என்று அட்டையில் போட்டாலே இருவரும் சேர்ந்துதான் ஆக வேண்டும். எழுத்தாளர் எதை எதிர்த்து எழுதுகிறார் என்பதுதான் என் கேள்வி.

இருகரை

தலைப்பில் இருபாலீர்ப்பு என்று இருக்கிறது. இதுவரை ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு இது படிப்பு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை.

நாவல்களில் இருபாலீர்ப்புப் பாத்திரம் யாரோடும் சேராதவரை மட்டும்தான் இருபாலீர்ப்பாக இருக்க முடிகிறது. ஓர் ஆணோடு சேர்ந்துவிட்டால், முன்னால் காதலித்த பெண்கள் எல்லாரும் தடுமாற்றம் ஆகிவிடுகிறார்கள். 'அப்போது எனக்கே தெரியவில்லை' என்று ஒரு வரி வரும், பழைய காதல் முழுக்கப் பொய்யாகிவிடும். பெண்ணோடு சேர்ந்துவிட்டால் ஆணோடு இருந்தது இளமைக்கால விளையாட்டு. இரண்டு பக்கமும் அழிப்புதான்.

இதை நேருக்கு நேர் எதிர்கொண்ட நாவல், டெய்லர் ஜென்கின்ஸ் ரீடின் 'தி செவன் ஹஸ்பெண்ட்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹ்யூகோ' (2017). பழைய ஹாலிவுட் நடிகை ஈவ்லின் தன் வாழ்க்கையை ஒரு இளம் பத்திரிகையாளரிடம் சொல்கிறாள். ஏழு கணவர்கள், ஆனால் வாழ்க்கையின் பெருங்காதல் சீலியா என்ற நடிகை. கேட்டுக்கொண்டிருப்பவள் சட்டென்று அவளைப் பெண்களை மட்டும் விரும்புபவள் என்று வகைப்படுத்தும்போது ஈவ்லின் திருத்துகிறாள். தான் இருபாலீர்ப்பு உள்ளவள், தன்னில் பாதியைத் தள்ளிவிட்டுத் தன்னை ஒரு பெட்டியில் அடைக்க வேண்டாம் என்கிறாள். முதல் கணவர்களில் ஒருவனான டான் அவளை அடித்தவன். அவனையும் ஒரு காலத்தில் உண்மையாகக் காதலித்தேன் என்று சொல்ல அவள் தயங்குவதில்லை. சீலியாவுக்குக்கூட அது புரிவதில்லை, அதில் பொறாமைதான் வருகிறது. காதலிப்பவளே பாதியை நம்ப மறுப்பது எவ்வளவு உண்மையான இடம்.

எனக்கு இதில் ஓர் அளவுகோல் இருக்கிறது. பாத்திரம் வாய்திறந்து 'நான் இருபாலீர்ப்பாளன்' என்று சொல்வது முக்கியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. அவனுடைய நினைவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். பழைய காதலியை நினைக்கும்போது அந்த ஆசை இன்னும் ஆசையாக இருக்கிறதா, இல்லை திருத்தப்பட்ட தவறாக இருக்கிறதா? ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி' (2019) இரண்டு ஐஸ் ஹாக்கி வீரர்களின் கதை. பத்திரிகைகளுக்கு இருவரும் பரம எதிரிகள். ஷேன் தன்பாலீர்ப்பாளன், தன்னை அறிந்துகொள்ளவே ஆண்டுக்கணக்கில் தவிக்கிறான். இல்யா இருபாலீர்ப்பாளன், அவனுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. பெண்களோடு அவன் இருப்பது வேஷமாக எழுதப்படவில்லை. அதனால் ஷேனிடம் அவன் காட்டும் அன்புக்கு எடை குறைந்துவிடவும் இல்லை. காதல் நாவலில் இதைச் செய்வது பெரிய விஷயம். அந்த வகையில் ஒருவனுக்கு ஒருத்தனே என்று நிரூபிக்க எழுத்தாளர்கள் பழைய உறவுகளைக் கொச்சைப்படுத்துவது சர்வசாதாரணம்.

வி.ஈ. ஷ்வாபின் 'தி இன்விசிபிள் லைஃப் ஆஃப் ஆடி லாரூ' (2020) நாவலில் ஆடி, ஹென்றி இருவருமே இருபாலரையும் காதலித்தவர்கள். அது கதையின் திருப்பம் கிடையாது, யாரும் யாரிடமும் விளக்கவும் இல்லை. முந்நூறு ஆண்டு வாழ்பவள் பல பேரைக் காதலித்திருக்கிறாள், அதில் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவ்வளவுதான். கடைசியில் அவள் மனம் ஓர் ஆண் பக்கம் சாய்ந்தாலும், அவள் காதலித்த பெண்கள் நினைவில் அப்படியே இருக்கிறார்கள்.

நள்ளிரவு வாசகி

இருகரை, இந்த இழைக்கு நீங்கள் வந்தது ரொம்ப நல்லது. 'நினைவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது' என்ற அளவுகோலை இனி நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஊதாப்பூ

'ஹார்ட்ஸ்டாப்பர்' கதையின் நாயகர்களில் ஒருவனான நிக்கை விட்டுவிட்டீர்களே! ராத்திரி தனியாக உட்கார்ந்து, 'நான் தன்பாலீர்ப்பாளனா' என்று இணையத்தில் வினாடிவினா எழுதிப் பார்க்கிற இடம். அப்புறம் தனக்குப் பெண்களையும் பிடித்திருந்தது பொய்யில்லை என்று மெதுவாகக் கண்டுபிடிக்கிறான். அலிஸ் ஓஸ்மன் இதை 2016இல் இணையச் சித்திரக்கதையாகத் தொடங்கினார், 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தது.

அந்தத் தொடரில் நிக்காக நடித்த கிட் கானரை, இருபாலீர்ப்புப் பாத்திரத்தை வைத்து ரசிகர்களை ஏமாற்றுகிறார் என்று இணையத்தில் விரட்டினார்கள். 18 வயதில், அதே ஆண்டு அக்டோபரில், தான் இருபாலீர்ப்பாளன் என்று கட்டாயத்தின் பேரில் அறிவிக்க வேண்டிவந்தது. தன்னை அறிவிக்க அவரவர்க்கு நேரம் உண்டு என்று சொல்கிற கதையின் ரசிகர்கள்தான் அதைச் செய்தார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை.

காகித மழை

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் பெக்கி ஆல்பர்டாலிக்கும் இதேதான் நடந்தது. 'சைமன் வெர்சஸ் தி ஹோமோ சேபியன்ஸ் அஜெண்டா' (2015) எழுதியவர். தன்பாலீர்ப்பு இல்லாத பெண்மணி இதை எழுதலாமா என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020 ஆகஸ்டில், தான் இருபாலீர்ப்புள்ளவள் என்றும், இப்படி அறிவிக்க விரும்பவில்லை என்றும் கட்டுரை எழுதினார். கதையில் சைமனின் மின்னஞ்சல்களைப் பார்த்துவிட்ட சக மாணவன், ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவான். எழுதியவருக்கு வாசகர்கள் கையாலேயே அது நடந்தது.

எழுதும் உரிமை யாருக்கு என்று கேட்பதற்கு முன்னால், எழுதப்பட்ட பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பாத்திரம் மனிதனாக இருக்கிறதா, பொம்மையாக இருக்கிறதா என்பது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

புல்லாங்குழல்

சீன இணைய நாவல்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வந்தேன். ஆண்–ஆண் காதலைச் சொல்லும் இந்த வகைக்கு 'டான்மெய்' என்று பெயர். பெரும்பாலும் பெண்கள் எழுதி, பெண்கள் படிப்பது.

மோ ஷியாங் டோங் ஷியூவின் 'மோ தாவ் ஸூ ஷி' பார்வைக்கு மந்திரவாதக் கதை. அடியில் இருப்பது ஒரு கொலை விசாரணை. இறந்து பதின்மூன்று ஆண்டு கழித்து இன்னொருவன் உடலில் திரும்பி வருகிறான் வேய் வூஷியன். துண்டு துண்டாகக் கிடைக்கும் ஒரு சடலம் யாருடையது என்று தேடிக்கொண்டு அவனும் லான் வாங்ஜியும் ஊர் ஊராகப் போகிறார்கள். முன் ஜென்மத்தில் இவன் என்ன செய்தான், உலகம் ஏன் இவனைக் கொன்றது என்ற விசாரணையும் கூடவே நடக்கிறது. லான் வாங்ஜி அதிகம் பேசமாட்டான். அவன் இத்தனை ஆண்டுகளாக எப்படிக் காதலித்தான் என்பதும் ஒரு தடயம் மாதிரி, பிறர் வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிவரும். தடயம், இது உங்களுக்கும் பிடிக்கும்.

2019இல் 'தி அன்டேம்ட்' என்று ஐம்பது பகுதித் தொடராக வந்தபோது தணிக்கையால் காதல் நட்பாக மாற்றப்பட்டது. பார்வையாலும் குழல் இசையாலும் மட்டும் அந்த நடிகர்கள் சொன்னதை உலகம் முழுக்கப் புரிந்துகொண்டார்கள். ஆனால் அதைக் கொண்டாடும்போது எனக்கு வருத்தமும் உண்டு. மூலத்தில் வெளிப்படையாக இருந்ததை நாம் ஊகித்து மகிழ வேண்டிய நிலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

விண்கல்

அறிவியல் புனைவுப் பக்கத்திலிருந்து நள்ளிரவு வாசகியின் கேள்விக்கு ஒரு சிக்கல் வைக்கிறேன். வெறுப்பே இல்லாத உலகத்தைக் கற்பனை செய்தால் என்ன ஆகும்?

எவரினா மேக்ஸ்வெல்லின் 'வின்டர்ஸ் ஆர்பிட்' (2021) அப்படிப்பட்ட விண்வெளிப் பேரரசு. ஆண் ஆணை மணப்பது அங்கே சாதாரணம். ஒருவர் ஆணா பெண்ணா என்பதைக்கூட அணிந்திருக்கும் மர, கல் ஆபரணங்களை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இளவரசன் கீமுக்கும், உடன்படிக்கையால் பேரரசோடு இணைந்த கிரகத்தைச் சேர்ந்த ஜெய்னனுக்கும் அரசியல் காரணத்துக்காக அவசரக் கல்யாணம். ஜெய்னனின் முதல் கணவன் விபத்தில் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அந்தச் சாவு கொலையாக இருக்கலாம்.

ஆண்–பெண் இணையை வைத்தாலும் இந்தக் கதை நடக்கும். உங்கள் அளவுகோல்படி தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெய்னன் முந்தைய மணவாழ்வில் கொடுமைப்படுத்தப்பட்டவன். அதை யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே பெயர் வைத்துச் சொல்லிக்கொள்ளவில்லை. கீம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டால், இதில் எந்தப் பதில் பாதுகாப்பானது என்று ஜெய்னன் கணக்குப் போடுவான். அந்தக் கணக்கை நமக்குக் காட்டிவிட்டு, அவன் வாயிலிருந்து வரும் இரண்டு வார்த்தைப் பதிலையும் காட்டுவார் ஆசிரியர். ஆண் இன்னோர் ஆணால் வீட்டுக்குள் வதைபடுவதை யதார்த்தக் கதையில் எழுதினால், பேச்சு முழுக்க சமூகத்தின் வெறுப்பைப் பற்றிப் போய்விடும். வெறுப்பை எடுத்துவிட்டதால் அந்த மணவாழ்க்கையை மட்டும் உற்றுப் பார்க்க முடிகிறது.

நள்ளிரவு வாசகி

விண்கல், இது நல்ல பதில். ஆனால் எனக்கு இது தோல்வியாகப் படவில்லை, என் கேள்விக்குள் அடங்குவதாகத்தான் படுகிறது. வேறு உலகத்தை உருவாக்க முடிவது அறிவியல் புனைவின் தனி வசதி. அந்த வசதி இங்கே ஜெய்னனுக்காகப் பயன்பட்டிருக்கிறது.

நான் சொல்லக் காத்திருந்த புத்தகம் ஒன்று உண்டு. ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா', 2022இல் புக்கர் பெற்றது. கொழும்பு, 1990ஐ ஒட்டிய காலம். போர்ப் புகைப்படக்காரன் மாலி செத்துப்போய், மேலுலக அலுவலகம் ஒன்றில் வரிசையில் நிற்பதில் கதை தொடங்குகிறது. தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கே தெரியாது. ஏழு நிலாக்கள், அதாவது ஏழு இரவுகள், அவகாசம். அதற்குள் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் படங்களை உயிரோடிருக்கும் இருவர் கண்டெடுக்க வேண்டும். ஒருவன் டிடி, தமிழ் அமைச்சரின் மகன், மாலியின் காதலன். இன்னொருத்தி ஜாக்கி, மாலியின் காதலி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தவள்.

ஆவிக்கு எல்லாம் தெரியும், யாருக்கும் ஆவி தெரியாது. டிடி அழும்போது பக்கத்திலேயே நிற்கிறான் மாலி. தொட முடியவில்லை, பேச முடியவில்லை. கொஞ்சம் யோசித்தால் உயிரோடிருந்தபோதும் இதே நிலைதான். அந்த வீட்டில் டிடியின் அப்பா முன்னால் இருவரும் வெறும் அறைத்தோழர்கள். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்து பழகியவன் மாலி. பேயாக இருப்பதற்கான பயிற்சியை உயிரோடிருக்கும்போதே எடுத்துவிட்டான். அதனால்தான் இந்த நாவல் பேய்க்கதையாக இருக்க வேண்டியிருந்தது.

முழுக்கதையும் 'நீ' என்று முன்னிலையில் சொல்லப்படுகிறது. மாலி நல்லவனும் இல்லை, சூதாடி, டிடியை ஏமாற்றியவன். ஆனால் அரசு, புலிகள், அப்போது கிளர்ச்சியில் இறங்கியிருந்த சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி. என்று எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் படம் பிடித்தவன். அந்தப் பெட்டியில் பிணங்களின் படங்களும் இருக்கின்றன, அவன் நெருங்கிப் பழகிய ஆண்களின் படங்களும் இருக்கின்றன. இரண்டுமே அச்சிட முடியாதவை.

தயவுசெய்து கொலைகாரன் யார் என்று யாரும் இங்கே சொல்லிவிடாதீர்கள்.

ஈழத்து வாசிப்பு

இதைப் படிக்கிற ஆட்கள் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) நாவலையும் சேர்த்துப் படிக்க வேணும். ஒன்றோடொன்று தொடர்புள்ள ஆறு கதைகள். கொழும்பில வளரும் தமிழ்ப் பையன் ஆர்ஜி, பெண்பிள்ளைகளோட சேர்ந்து மணப்பெண் விளையாட்டு விளையாடுகிறவன். சேலை கட்டி மணப்பெண்ணாக நிற்கிறவனைப் பெரியவர்கள் பிடித்து, இனி ஆண்பிள்ளைகளோடதான் விளையாட வேணும் என்கிறார்கள். புத்தகம் 1983 கலவரத்தில முடியும். வீட்டுக்குள்ளேயும் அவனுக்கு இடமில்லை, நாட்டுக்குள்ளேயும் அவன் குடும்பத்துக்கு இடமில்லை. கடைசியில அவன் சிங்களப் பையன் ஷெஹானைக் காதலிக்கிற நேரத்தில, அவன்ட குடும்பம் வெளிநாடு போக வேண்டி வருகுது. எது தன்ட துக்கம், எது இனத்தின்ட துக்கம் என்று அந்தப் பையனுக்குப் பிரிக்கத் தெரியாது. எங்களுக்கும் அப்படித்தான்.

கறார் வாசகன்

ஈழத்து வாசிப்பு, கடைசி இரண்டு வரிக்கு நன்றி. இந்தப் புத்தகத்தை உடனே எடுக்கப்போகிறேன்.

சாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோகமான முடிவு எல்லாம் ஒரே ரகம் என்பதுபோல் மேலே பேச்சு போனது. ரெபெக்கா மக்காயின் 'தி கிரேட் பிலீவர்ஸ்' (2018), 1985 சிகாகோவில் எய்ட்ஸால் இறந்த நிக்கோவுக்காக நண்பர்கள் கூடுவதில் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அடுத்து யார் என்று பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஆசிரியர் யாரையும் தண்டிக்கவில்லை. உண்மையில் செத்தார்கள், அதனால் நாவலிலும் சாகிறார்கள். அலிஸ் வின்னின் 'இன் மெமோரியம்' (2023) முதல் உலகப்போர்க் கதை. கான்ட், எல்வுட் என்று ஒரே விடுதிப்பள்ளியில் படித்த இருவர் போர்முனைக்குப் போகிறார்கள். இடையிடையே பள்ளிப் பத்திரிகையின் பக்கங்கள் வரும், இறந்தவர், காயமுற்றவர் பட்டியலோடு. போன அத்தியாயத்தில் கிரிக்கெட் ஆடிய பையன் பெயர் இங்கே ஒரு வரியாக நிற்கும். உங்கள் கண் அந்த இரண்டு பெயர்களைத் தேடி ஓடும், பிறகு மற்ற பெயர்களை அலட்சியமாகத் தாண்டியதற்கு வெட்கப்படும்.

ஊதாப்பூ

சக் டிங்கிளின் 'பரி யுவர் கேஸ்' (2024) இதைத்தான் திகில்கதையாகவே எடுத்துக்கொள்கிறது. திரைக்கதை எழுதுபவர் ஒருவரிடம், தொடரில் வரும் தன்பாலீர்ப்புப் பாத்திரங்களைக் கொன்றுவிடு, கணினிக் கணக்கு அதுதான் லாபம் என்கிறது என்று ஸ்டுடியோ சொல்கிறது. அவர் மறுக்கிறார். அப்புறம் அவர் எழுதிய பழைய பேய்கள் எல்லாம் அவரையே துரத்த ஆரம்பிக்கின்றன. வேகமான கதை, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

முதுவேனில்

எல்லாரும் இளைஞர்களையே பேசுகிறீர்கள். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, எனவே பெர்னடீன் எவரிஸ்டோவின் 'மிஸ்டர் லவர்மேன்' (2013) பற்றிச் சொல்ல ஆசை. 2024இல் பிபிசி தொடராகவும் வந்தது. ஆன்டிகுவாவிலிருந்து லண்டன் வந்து குடியேறிய பாரிங்டனுக்கு 74 வயது. மனைவி, பிள்ளைகள், பேரன் எல்லாம் உண்டு. சிறுவயது நண்பன் மாரிஸோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காதல். வாய்ச்சவடால் பேர்வழி, உடையில் ஒரு சுருக்கம் இருக்காது. நாம் அவர் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்போது, எவரிஸ்டோ நடுநடுவே மனைவி கார்மெலுக்கு அத்தியாயங்கள் கொடுக்கிறார்.

அந்த அத்தியாயங்கள் இல்லாவிட்டால் இது இன்னொரு மறைந்து வாழ்ந்த மனிதரின் கதை. கணவர் வேறு பெண்களோடு போகிறார் என்றே நினைத்து வாழ்நாள் முழுக்க ஜெபம் செய்த பெண் அவர். என்னிடம் என்ன குறை என்ற கேள்வியோடு ஐம்பது ஆண்டு படுத்து எழுந்தவர். பாரிங்டனுக்கு உலகம் செய்தது அநியாயம், அவர் கார்மெலுக்குச் செய்ததும் அநியாயம். இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்து, ஒன்றைக் காட்டி மற்றதை மன்னிக்காமல் விட்டிருக்கிறார். இந்த வகை நாவல்களில் மனைவிமார் பெரும்பாலும் கதவருகே நின்று அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே கார்மெலுக்கென்று ஒரு ரகசியமும், ஒரு கோபமும், பிறகு ஒரு வாழ்க்கையும் இருக்கிறது.

இருகரை

ஐயா, நீங்கள் கார்மெலைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். மறைந்து வாழ்வதன் செலவை யார் யார் கட்டுகிறார்கள் என்பதைக் காதல் நாவல்கள் கேட்பதே இல்லை.

மஞ்சள் குடை

இத்தனை புத்தகம் சொல்லிவிட்டீர்கள், எதில் தொடங்குவது? அழவைக்கலாம், ஆனால் கடைசியில் கொஞ்சமாவது வெளிச்சம் இருக்க வேண்டும்.

தடயம்

'லாவெண்டர் ஹவுஸ்' எடுங்கள். பிடித்தால் ஆண்டி மில்ஸை வைத்து அடுத்தடுத்த நாவல்களும் இருக்கின்றன.

முதுவேனில்

ஆண்ட்ரூ ஷான் க்ரியரின் 'லெஸ்' (2017). முன்னாள் காதலனின் கல்யாணத்துக்குப் போகாமல் தப்பிக்க, உலகம் முழுக்க வந்திருக்கும் அழைப்புகளை எல்லாம் ஏற்றுக்கொண்டு கிளம்பும் எழுத்தாளர். ஐம்பது வயது பிறக்கப்போகும் பயம் வேறு. 2018இல் புலிட்சர் வாங்கிய நகைச்சுவை நாவல். கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது யார் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள், நீங்கள் கேட்ட வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது.

நள்ளிரவு வாசகி

முதலில் 'லெஸ்', அப்புறம் 'லாவெண்டர் ஹவுஸ்' என்று போங்கள் மஞ்சள் குடை. 'யங் மங்கோ'வை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கறார், நீங்கள் 'ஃபன்னி பாய்' முடித்ததும் இங்கேயே எழுதுங்கள். ஆர்ஜி தன் பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் கவிதையை வேண்டுமென்றே குழப்பிச் சொல்கிற அத்தியாயத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அவன் அதைச் செய்வது ஷெஹானுக்காகவா, தனக்காகவா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. நீங்கள் படித்த பிறகு சொல்கிறேன்.